கூடினால் எவ்வளவு, குறைந்தால் எவ்வளவு

பராசக்தி டீச்சரிடம் யாரும் ஓர் அளவைச் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. "பத்தடி வேலி சாஞ்சு போச்சு டீச்சரம்மா" என்று புலம்ப வந்தால், "பத்தடி எண்டால்? கூடினால் எவ்வளவு, குறைஞ்சால் எவ்வளவு?" என்று கேட்பார். புலம்ப வந்தவர் புலம்பலை மறந்து, தலையைச் சொறிந்துகொண்டு வேலியைப் பார்க்கத் திரும்பிப் போவார். தோட்டத்தில் அவருக்குக் 'கூடக்குறைய டீச்சர்' என்றே பெயர். அவர் காதுபடவே சொல்வார்கள். அவருக்கும் அதில் கோபம் இருந்ததில்லை.

சண்டைக்கு முன் அவர் மலாயாவில், சிரம்பானில் பெண் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். ஜப்பான்காரன் வந்ததும் பள்ளிக்கூடத்தில் சிப்பாய்கள் குடியேறினார்கள். டீச்சர் ஒரு தகரப் பெட்டியும் ஓர் அடி மட்டப்பலகையுமாகப் புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவருடைய அண்ணன் துரைசிங்கம் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. சண்டை முடிந்த பிறகும் சிரம்பானுக்குத் திரும்பாமல் அந்தத் தோட்டத்துப் பள்ளியிலேயே இருந்து தலை நரைத்தார். அதற்குக் காரணம் ஒரு மரம் என்பார்கள் சிலர். ஓர் அரையடி என்பாள் அங்கே ரப்பர் பால் வெட்டும் மயிலம்மாள்.

கிராணி வீடு மேட்டில். தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் பள்ளத்தில். நடுவில் ஒரு சின்னச் சரிவுதான். ஆனால் கிராணி வீட்டுப் பெண்கள் அந்தச் சரிவில் இறங்கி யாரும் பார்த்ததில்லை. டீச்சர் வந்த இரண்டாம் மாதமே இறங்கினார். பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தைப் பெருக்கிப் பிள்ளைகளை உட்கார வைத்தார். காலையில் ஜப்பான் பாட்டு. அது உத்தரவு. பாட்டு முடிந்ததும் கணக்கு. அது டீச்சருடைய உத்தரவு.

"இந்த பெஞ்சு எவ்வளவு நீளம்?"

"ஆறடி, டீச்சர்."

"ஆறடி எண்டு நீ சொன்னால் நான் என்ன விளங்கிக்கொள்ளுறது? கிட்டின அடிக்குச் சொல்லியிருக்கிறாய். ஐந்தரைக்குக் குறையாது, ஆறரையை எட்டாது. ரெண்டு பக்கமும் வேலி. உன்ர பெஞ்சு நடுவிலை எங்கேயோ நிக்குது. எங்கே எண்டு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வேலி மட்டும்தான் தெரியும்."

கீழ் எல்லை, மேல் எல்லை என்று கரும்பலகையில் எழுதுவார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் இந்த வேலி, அந்த வேலி என்று சொல்வார்கள். அடுப்படியில் கேட்டுக்கொண்டிருந்த தாய்மாருக்கு ஒன்றும் விளங்காது. விளங்கி ஆகப்போவதும் ஒன்றுமில்லை என்றுதான் அப்போது நினைத்தார்கள்.

நாற்பத்து மூன்றில் ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மயிலம்மாளின் புருஷன் தங்கராஜுவும் அந்த லாரியில்தான் போனான். மிஞ்சியவர்கள் கிழடுகள், நோயாளிகள், பால் நிறுக்கும் மண்டோர் அர்ச்சுனன். அவருக்குக் கால் ஊனம், அதனால் விட்டுவிட்டார்கள். கொடுத்த அரிசி பாதியாகி, கால்வாசியாகி, அந்த மழைக்காலத்தில் கல்லும் உமியுமாக வந்து நின்றது. லயத்தை உயிரோடு வைத்திருந்தது மரவள்ளிதான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் பெண்களே வெட்டிக் கொத்தி நட்டது. மயிலம்மாள்தான் முன்னால் நின்று நடவைத்தாள். அவள் அதட்டினால் கோழிகூட வரிசையில் போகும் என்பார்கள்.

கிழங்கு முற்றித் தோண்ட வேண்டிய நேரத்தில் ஆறு பெருகியது. மேலே இருந்து அடித்து வந்த ஒரு கட்டை பலகைப் பாலத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. ரோட்டு வழியே சுற்றிப் போனால் சோல்ஜர் காவல். கிழங்கு மூட்டை அவர்களைத் தாண்டி வராது. இக்கரையில் நின்று பார்த்தால் மரவள்ளிப் பாத்திகளில் தண்ணீர் பளபளத்தது. தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகும். அழுகாததைப் பன்றி தோண்டும்.

"இந்த வாரத்துக்குள்ள அங்க போகணும். இல்லேன்னா புள்ளைங்களுக்கு இலையைத்தான் அவிச்சுப் போடணும்" என்றாள் மயிலம்மாள்.

ஆற்றங்கரையில் ஒரு நிபோங் மரம் காற்றில் சாய்ந்து கிடந்தது. பாக்கு மரம் மாதிரி நெட்டையாக, ஒல்லியாக, இரும்பு மாதிரி வைரம் பாய்ந்த மரம். அதைக் குறுக்கே போட்டுவிட்டால் ஒருவர் பின் ஒருவராக நடக்கலாம். பழைய பாலத்தின் கால் நின்ற குழி இக்கரைப் பாறையில், விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே தள்ளி, அப்படியே இருந்தது. மரத்தின் அடியை அந்தக் குழியில் நிறுத்தி, நிமிர்த்தி, அக்கரைப் பக்கம் சாய்த்துவிட வேண்டும். அக்கரையிலும் பாறைதான். மூன்றடி அகலத்துக்கு ஒரு தட்டு. தட்டுக்குப் பின்னால் செங்குத்தாக மண்மேடு.

மரம் குட்டையாக இருந்தால் நேராக ஆற்றில் விழும். நீளமாக இருந்தால் மேட்டில் இடித்து, உருண்டு, அதுவும் ஆற்றில்தான் விழும். இன்னொரு மரத்தை வெட்டி இழுத்து வர அந்தப் பெண்களின் உடம்பில் தெம்பு இல்லை. ஒரே தடவைதான்.

"ஆறு எவ்வளவு அகலம்?" என்று கேட்டார் டீச்சர். அன்றைக்கு அவரும் ஆற்றங்கரைக்கு வந்திருந்தார்.

"பதினெட்டு அடி" என்றார் அர்ச்சுனன். "அந்தப் பாலம் போட்டப்ப நான்தான் கயிறு புடிச்சு அளந்தேன். பாறைக்குப் பாறை. பாறை எங்கயும் போயிடலியே."

இப்போது அளக்க வழியில்லை. கயிற்றை எடுத்துக்கொண்டு அந்த வெள்ளத்தில் யார் இறங்குவது?

"பதினெட்டு. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு அடி பாறையிலே உக்காரணும். இருபது. சோலி முடிஞ்சுது, வெட்டுங்க" என்றாள் வள்ளியம்மா. லயத்திலேயே கூர்மையான வாய் அவளுக்கு.

"பதினெட்டு எண்டால் பதினெட்டரைக்குக் கிட்டவும் இருக்கலாம்" என்றார் டீச்சர். "ஆறு கூடினால் எவ்வளவு எண்டதைத்தான் நாங்கள் பார்க்க வேணும். பதினெட்டரையும் ரெண்டும், இருபதரை. இருபதரையிலை வெட்டுங்கோ."

"அரையடி கூடன்னா தூக்கறது யாரு? நுனி கனம் தெரியுமாங்க டீச்சரம்மாவுக்கு?"

"தெரியும். அதுதான் இருபத்தொண்டு கேட்கேல்லை."

 "சரி, இருபதரை" என்றாள் மயிலம்மாள். டீச்சர் தன் மட்டப்பலகையால் அளந்து, மரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்தார்.

இரவுச் சாப்பாட்டில் துரைசிங்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "உனக்கேன் இந்த வேலை? நீ சொன்ன அளவிலை வெட்டி மரம் ஆத்தோடை போனால், நாளைக்கு நான் எந்த முகத்தோடை பிரட்டுக்களத்திலை ஆள் கணக்கெடுக்க நிக்கிறது?"

"போகாது அண்ணை. போனால் நான் வந்து நிக்கிறன்."

மறுநாள் காலையில் வள்ளியம்மாவும் இன்னும் நாலைந்து பேரும் கோடரியோடு ஆற்றுக்குப் போனார்கள். டீச்சர் தடித்த கயிறு ஒன்று கேட்டு வாங்கப் பால் ஸ்டோருக்கு வந்தார். அத்தனை மாதத்தில் அவர் அங்கே காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. அந்தக் காலத்திலும் ஒரு பக்கத்து மரங்களில் பால் வெட்டு நடந்துகொண்டிருந்தது. வாளிகள் வரிசையாக நின்றன. மயிலம்மாளின் வாளி தராசில் தொங்கியது.

"இருபத்தி நாலு ராத்தல்!" என்று கூவினார் அர்ச்சுனன்.

டீச்சர் தராசைப் பார்த்தார். முள் இருபத்தைந்தின் கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றது.

"அர்ச்சுனன், அது இருபத்தஞ்சுக்குக் கிட்டவல்லோ நிக்குது?"

"நிக்குதுங்க. தொடலியே."

"தொடாட்டி?"

"தொட்டாத்தான் இருபத்தஞ்சு. தொடாத வரைக்கும் இருபத்தி நாலு. ஸ்டோர் கட்டின நாள்லேருந்து அப்படித்தான்லா."

மயிலம்மாள் வாளியை இறக்கிக்கொண்டே சிரித்தாள். "எங்க அம்மா காலத்துலேருந்து இந்த முள்ளு எங்களுக்கு மட்டும் எட்டாதுங்க. இதுக்குப் போயி மலைச்சு நிக்கிறீங்களே."

டீச்சர் சிரிக்கவில்லை. "ஆத்தை அளந்தீங்களே, கயிறு பிடிச்சு. அதையும் இப்பிடித்தான் சொன்னீங்களோ?"

"அளவுன்னா ஒரே அளவுதானுங்களே. பதினெட்டைத் தாண்டிச்சு. பத்தொம்பதைத் தொடல. பதினெட்டு."

"எவ்வளவு தாண்டிச்சுது?"

அர்ச்சுனன் இரண்டு கையையும் விரித்தார். "அதை யாருங்க பார்த்தா? தாண்டினதைச் சொல்ற வழக்கமே இங்க இல்லியே."

டீச்சர் மனக்கணக்குப் போட்டார். அவர் புத்தகத்தில் பதினெட்டு என்றால் பதினேழரைக்கும் பதினெட்டரைக்கும் நடுவில். இந்தத் தோட்டத்தில் பதினெட்டு என்றால் பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில். வேலி இரண்டும் அரையடி தள்ளி நிற்கிறது. மரத்தைத் தன் மட்டப்பலகையால் சரியாக அளந்து கோடு போட்டாயிற்று. ஆறு அர்ச்சுனனுடைய பதினெட்டு. அவர் எல்லோரிடமும் எத்தனையோ தடவை கேட்ட கேள்வியை அர்ச்சுனனிடம் மட்டும் கேட்காமல், பதிலைத் தானே சொல்லிவிட்டிருந்தார்.

வாங்கிய கயிற்றை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார். சேற்றில் செருப்பு ஒன்று மாட்டிக்கொண்டது. மற்றதையும் உதறிவிட்டு ஓடினார். கிராணி வீட்டு அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லயத்து வழியே ஓடுவதைப் பார்க்க ஒரு கூட்டமே பின்னால் வந்தது. மயிலம்மாள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்களை முந்தினாள்.

"நில்லுங்கோ! வெட்டாதேங்கோ!"

கோடரி நின்றது. சுண்ணாம்புக் கோட்டில் இரண்டு விரல் ஆழத்துக்கு வெட்டு விழுந்திருந்தது.

"ஏன்? யாரு செத்துட்டா?" என்றாள் வள்ளியம்மா.

"இருபதரை காணாது. இருபத்தொண்டு வேணும்."

"நேத்து இருபதரைன்னு சொன்ன வாயிதானே இது?"

"ஓம். இதே வாய்தான். நேற்றுப் பிழையாய்ச் சொன்னது."

"இன்னிக்கு இருபத்தொண்ணு. நாளைக்கு இருபத்திரெண்டுன்னு வந்து நிப்பீங்க. மரத்தை எங்க முதுகுலதானே ஏத்தப் போறீங்க? கால் படி அரிசியில எங்கேருந்து வருது அதுக்குத் தெம்பு?"

டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டு விளக்க ஆரம்பித்தார். எல்லை, அரை, கிட்டின அடி என்று என்னென்னவோ சொன்னார். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மயிலம்மாள் குறுக்கே வந்தாள்.

"வள்ளியம்மா, மண்டோரு இருபத்தி நாலுன்னு கூவினா உன் வாளியில நெசமா எவ்வளவு இருக்கும்?"

"அது இருக்கும் இருபத்தி நாலே முக்காலு. அந்தாளு என்னிக்கு முழுசாச் சொன்னான்?"

"அதே ஆளுதான் ஆத்தையும் அளந்தது. பதினெட்டுன்னு சொல்லியிருக்காரு."

வள்ளியம்மா வாயைத் திறந்தபடி ஆற்றைப் பார்த்தாள். அங்கே நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து வாளி தூக்கியவர்களுக்கு அதற்கு மேல் கரும்பலகை வேண்டியிருக்கவில்லை.

"நாசமாப் போறவன்! ஆத்துலயும் வெட்டிட்டானா?"

அப்போதுதான் காலை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்த அர்ச்சுனன், யாரைத் திட்டுகிறார்கள் என்று சுற்றிலும் பார்த்தார்.

"அப்ப இருபத்திரெண்டாவே வெட்டிடலாமே, பயமில்லாம" என்றாள் ஒருத்தி.

"இல்லை. ஆறு குறைஞ்சால் எவ்வளவு எண்டதையும் பார்க்க வேணும்" என்றார் டீச்சர். "அது சரியாய்ப் பதினெட்டே எண்டால், இருபத்திரண்டு அடி மரம் மேட்டிலை போய் முட்டும். இருபத்தொண்டு எண்டால் ஆறு எவ்வளவு கூடினாலும் அந்தப் பாறையிலை ஓரடி பிடிக்கும். எவ்வளவு குறைஞ்சாலும் ரெண்டடிதான் பிடிக்கும். முட்டாது. இருபத்தொண்டு. இனி மாத்தமாட்டன்."

வெட்டினார்கள். மரத்தை உருட்டி, அடியைக் குழிக்கு நேராகக் கொண்டு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் தூக்க ஆரம்பித்தார்கள். நுனியில் கட்டிய கயிற்றைப் பின்னால் ஒரு பெரிய மரத்தின் கவையில் போட்டு ஒரு கூட்டம் இழுத்தது. இன்னொரு கூட்டம் கவைக்கம்புகளால் கீழிருந்து முட்டுக் கொடுத்தது. மரம் இடுப்புயரம் வந்தது, தலையுயரம் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.  மெல்ல இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் சேற்றிலேயே உட்கார்ந்தார்கள்.

"அந்த அரையடியை எடுத்துடலாம். பழைய வெட்டு இருக்கவே இருக்கு. நாலு போடு போட்டாப் போதும்" என்றது ஒரு குரல்.  ஒருத்தி கோடரியை எடுக்க எழுந்தாள்.

டீச்சர் போய் மரத்தின் நுனியில், அந்த வெட்டின் மேலேயே உட்கார்ந்தார்.

"இதிலை ஒரு விரல்கூட எடுக்க விடமாட்டன்."

"எழுந்திரிங்க டீச்சரம்மா. தூக்க முடியலைன்னா முடியலைதான்."

"முடியாட்டி நாளைக்குத் தூக்குவம். நாளைக்கும் முடியாட்டி நாளையிண்டைக்கு. குறைச்சு வெட்டினால் எண்டைக்கும் இல்லை."

கோடரிக்காரி மயிலம்மாளைப் பார்த்தாள். மயிலம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. "டீச்சரம்மா, நீங்க கம்பு புடிப்பீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"பிடிப்பன்."

"அப்ப எழுந்திரிங்க. நீங்க மேல உக்காந்திருந்தா எப்படித் தூக்கறது?"

சிரிப்பு கிளம்பியது. சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். லயத்திலிருந்து நோயாளிகளும் வந்து கயிற்றைப் பிடித்தார்கள். அர்ச்சுனன் நல்ல காலைப் பாறையில் ஊன்றிக் கயிற்றின் கடைசியை இடுப்பில் சுற்றிக்கொண்டார். அவர் குரல் மட்டும் எந்த ஊனமும் இல்லாமல் இருந்தது. "ஏலேலோ" என்று அவர் எடுத்துக் கொடுக்க, மரம் இடுப்பைத் தாண்டி, தலையைத் தாண்டி, ஒரு பெருமூச்சோடு நிமிர்ந்து குழியில் நின்றது. டீச்சரின் உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. அவர் பார்க்கவில்லை.

"விடுங்க... மெதுவா... மெதுவா" என்றாள் மயிலம்மாள்.

கயிறு கைகளை அறுத்துக்கொண்டு ஓடியது. மரம் சாய்ந்தது. அக்கரைப் பாறையில் 'ணங்' என்று விழுந்து, ஒரு முறை துள்ளி, அடங்கியது. ஆறு அதன் அடியில் ஓடியது.

மயிலம்மாள்தான் முதலில் போனாள், மரத்தின் மேல் கால்களை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, நகர்ந்து நகர்ந்து. அக்கரைப் பாறையில் இறங்கி மண்டியிட்டுக் கையால் அளந்தாள்.

"டீச்சரம்மா! பாறை மேல ஒண்ணரைச் சாண் இருக்கு!"

"கூடினால் எவ்வளவு?" என்று கத்தினார் டீச்சர்.

"ஐயோ! நீங்களே வந்து அளந்துக்குங்க!"

பிறகு டீச்சரும் போய்ப் பார்த்தார். கோடரி வெட்டு பாறை விளிம்புக்கு ஒரு சாண்கூட உள்ளே இல்லை. விளிம்பில் பாசி பிடித்து வழுவழுத்துக் கிடந்தது. அரையடி குறைந்திருந்தால் மரம் நின்றிருக்குமா, வழுக்கியிருக்குமா என்று வள்ளியம்மா பின்னாளில் பலமுறை வாதாடியிருக்கிறாள். நின்றிருக்கும் என்பது அவள் கட்சி. 

கிழங்கில் ஆற்றோரத்துப் பாத்திகள் அழுகிவிட்டன. மேட்டுப் பக்கம் இருந்தது தப்பியது. மழையில் நனைந்துகொண்டே தோண்டி, தலையில் சுமந்து, அந்த ஒற்றை மரத்தின் மேல் நடந்து கொண்டு வந்தார்கள். பால் ஸ்டோரில் தராசைக் கழுவித் துடைத்துப் பங்கு போட்டார்கள். நிறுத்தவர் அர்ச்சுனன்தான். வேறு யாருக்கும் அந்தத் தராசு பழக்கமில்லை.

முதல் பங்கு வள்ளியம்மாவுக்கு. கூடை தொங்கியது. முள் ஆடி நின்றது.

"பன்னிரண்டு" என்றார் அர்ச்சுனன், பழக்கத்தில்.

யாரும் கூடையை இறக்கவில்லை. அவர் தலையைத் தூக்கினார். மயிலம்மாள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கையில் துணி சுற்றிக்கொண்டு டீச்சர். அர்ச்சுனன் மறுபடி முள்ளைப் பார்த்தார். 

"பன்னிரண்டே... முக்கால்."

"இன்னொரு தடவை சொல்லுங்க மண்டோரே. நல்லாத்தான் இருக்கு காதுக்கு" என்றாள் வள்ளியம்மா.

கடைசிக் கூடை வரைக்கும் அரையும் காலும் முக்காலுமாகவே சொன்னார். அன்றைக்கு லயம் முழுக்கக் கிழங்கு வெந்தது.

மறுநாள் பால் நிறுக்கும்போது முள் பழையபடி எட்டவில்லை. பால் தோட்டத்துடையது. வழக்கமும் தோட்டத்துடையது. "இருபத்தி மூணு!" என்று கூவினார் அர்ச்சுனன். மயிலம்மாள் குனிந்து முள்ளைப் பார்த்தாள்.

"இருபத்தி மூணரை" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வாளியை இறக்கினாள்.

அவளுக்குப் பின்னால் நின்ற வள்ளியம்மா தன் வாளியை மாட்டிவிட்டு, மண்டோர் வாய் திறப்பதற்கு முன்பே குனிந்தாள்.